பாடசாலையில் சமத்துவம்: அதிபரின் பொறுப்பு

சட்டம் பாடசாலையின் வாசல்வரைதான் வரும். வகுப்பறைக்குள் சமத்துவத்தைக் கொண்டுபோவது அதிபரின் பொறுப்பு. எமது வரலாறே இதற்குச் சான்று. 1930 ஐ அண்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. அதுவரை யாழ்ப்பாணத்தில் பல பிள்ளைகள் நிலத்தில் இருந்தே படித்தனர். கட்டளைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அந்த எதிர்ப்புக்கு அஞ்சாத தலைமை ஆசிரியர் இருந்த இடத்தில்தான் பிள்ளைக்கு ஆசனம் உறுதியாயிற்று.

இன்று இலவசக் கல்வி உண்டு. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சாதி, மதம், மொழி, பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. 2016 இல் கட்டாயக் கல்வி வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் பாரபட்சம் சத்தமின்றித் தொடரலாம். அதிபர் நான்கு இடங்களில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1. பணம்: கட்டணம் செலுத்தாத பிள்ளையின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசித்தால், அப்பிள்ளை மறுநாள் வராது. பெற்றோருடன் தனியே பேசுக.

2. ஆசிரியர்: திறமையான ஆசிரியரைப் புலமைப்பரிசில் வகுப்புக்கு மட்டும் ஒதுக்காதீர். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கே அவர் அதிகம் தேவை.

3. வேலை: மலசலகூடம் கழுவுவதும் மேடையில் பேசுவதும் எல்லோருக்கும் முறைவைத்து வரட்டும். கூட்டும் வேலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று.

4. குரல்: மாணவர் தலைவரைப் பிள்ளைகளே இரகசிய வாக்கால் தெரிவு செய்யட்டும். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகும் தாய் ஒரு நாட் சம்பளத்தை இழப்பாள், இல்லையேல் வரமாட்டாள். பின்னேரத்தில் வைத்தால் அவளும் பேசுவாள்.

இதனால் ஒழுங்கு கெடும் என்று சிலர் அஞ்சுவர். காரணம் விளங்கி, தாமும் சேர்ந்து ஆக்கிய விதியைப் பிள்ளைகள் அதிபர் இல்லாதபோதும் காப்பர். பயத்தால் வந்த ஒழுங்கு அவர் முதுகு திரும்பும்வரைதான்.

எந்த இனத்தவர், எந்த நிலையினர் ஆயினும் கல்வி பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. குடியியல் பாடத்தில் ஜனநாயகத்தைப் படிக்கும் பிள்ளை, அதன் பொருளை அதிபரின் நடத்தையிலேயே கண்டுகொள்கிறது.

கலந்துரையாடுவதற்கு:

அ. எமது பாடசாலையில் மேடையேறாத பிள்ளைகள் யாவர்? ஏன்?

ஆ. கூட்டத்திற்கு வராத பெற்றோரிடம் வசதியான நேரத்தைக் கேட்டோமா?

இ. வரும் தவணையில் மாற்றக்கூடிய ஒரு விதி எது?