மண்ணில் கிடைத்த மடக்குக்கத்தி

வட அமெரிக்காவின் பேரேரிகளுள் ஹியூரான், மிச்சிகன் ஆகிய இரண்டும் கூடும் நீரிணையின் கரையில் மிச்சிலிமாக்கினாக் என்னும் கோட்டை உள்ளது. பிரெஞ்சுக்காரர்கள் ஏறத்தாழ 1715ஆம் ஆண்டில் மரத்தூண்களை வரிசையாக நட்டு அதனை அமைத்தனர். 1761இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1781ஆம் ஆண்டுக்குள் அவர்கள் அருகிலுள்ள தீவிற்குக் குடிபெயர்ந்தனர். அவ்விடத்தில் 1959ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடைபெற்று வருகிறது. மண்ணைச் சலிக்கும்போது கண்ணாடி மணிகள், பொத்தான்கள் ஆகியவற்றோடு மடக்குக்கத்திகளின் துருவேறிய அலகுகளும் கிடைக்கின்றன.

பிரான்சில் செய்த கத்தி கடல் கடந்து அங்குச் சென்றது எப்படி? அக்காலத்தில் ஐரோப்பியர் விரும்பி அணிந்த தொப்பிகள் பீவர் என்னும் விலங்கின் மென்மயிரால் செய்யப்பட்டன. அவ்விலங்கின் தோலை அந்நிலத்தின் பழங்குடி மக்கள் கொண்டுவந்து தந்தனர். அதற்கு ஈடாகப் பிரெஞ்சு வணிகர் துணி, கோடரி, செம்புப் பாத்திரம், கத்தி முதலியவற்றைக் கொடுத்தனர். நிலக்கரியும் ஆற்றுநீரும் கிடைத்த செயிண்ட் எத்தியேன் நகரம் இரும்புத் தொழிலில் சிறந்து விளங்கியது. அங்கும் தியேர் என்னும் மலைநகரிலும் கத்தி செய்வோர் மிகுந்திருந்தனர். தியேரில் துரோல் ஆற்றின் நீர் சாணைக்கற்களைச் சுழற்றியது. தொழிலாளர்கள் பலகைமேல் குப்புறப் படுத்தவாறே அலகுகளைத் தீட்டினர்.

அக்காலத்து எளிய மடக்குக்கத்தி ஒன்றிற்கு 'ஜாம்பெத்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்குச் 'சிறு கால்' என்பது பொருள். அதன் அமைப்பு மிக எளியது: ஓர் அலகு, பிளவுடைய ஒரு பிடி, இரண்டையும் இணைக்கும் ஒரு தறையாணி. அலகை நிறுத்திவைக்கும் வில் அதில் இல்லை. தறையாணியின் இறுக்கமே அலகை விரித்த நிலையில் நிறுத்துகிறது. விலையுயர்ந்த கத்திகளிலோ பிடியின் முதுகில் எஃகு வில் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அவ்வில் அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும்.

இன்று சில கைவினைஞர்கள் இத்தகைய கத்திகளைப் பழைய முறைப்படியே மீண்டும் செய்கின்றனர். பண்டைய வாழ்வை நடித்துக் காட்டுவோரும் அருங்காட்சியகங்களும் அவற்றை வாங்குகின்றனர். இப்பணி எளிதன்று. மண்ணில் கிடைப்பது பெரும்பாலும் அலகு மட்டுமே. மரப்பிடி மக்கிப் போயிருக்கும். ஆகவே கைவினைஞர் முதலில் அலகின் நீளம், பருமன், ஆணித்துளையின் இடம் ஆகியவற்றை அளக்கிறார். செய்தவரின் முத்திரை அலகில் உள்ளதா என்று பார்க்கிறார். பிடியின் வடிவை அறியப் பழைய நூல்களை நாடுகிறார். பாரிசின் தேர்ந்த கத்தித் தொழிலாளி ஜான் ஜாக் பெரே 1771இல் தம் தொழிலைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். அதிலுள்ள படத்தகடுகள் கருவிகளையும் உறுப்புகளையும் தெளிவாகக் காட்டுகின்றன.

பொருளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. அதனால் பழங்கத்தியின் மறுபடிவத்திற்குக் கரிம எஃகே தகும். அவ்வெஃகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். ஆனால் எளிதில் உடையும். மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் உடையும் தன்மை குறையும். இக்கத்தியால் எலுமிச்சையை அறுத்தால் அலகு கறுக்கும். ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். ஆகவே துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

மறுபடிவம் தவறினால் என்ன கேடு? 1750ஆம் ஆண்டின் வணிகராக நடிக்கும் ஒருவர் கையில் ஒப்பினெல் கத்தி இருப்பதாகக் கொள்வோம். அக்கத்தி பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல்தான் தோன்றியது. அதன் கழுத்தில் சுழலும் பூட்டு வளையமோ 1955இல் சேர்க்கப்பட்டது. இதை அறியாத சிறுவன் தான் கண்டதையே வரலாறு என்று நம்பிவிடுவான். நூலில் உள்ள பிழையைத் திருத்த அடுத்த பதிப்பு வரும். கண்ணால் கண்ட பிழையோ நெஞ்சில் நெடுநாள் தங்கிவிடும்.

நன்றாகச் செய்த மறுபடிவத்திற்கும் ஓர் இடர் உண்டு. அதனைப் பழம்பொருள் என்று சொல்லிப் பிறர் விற்றுவிடக்கூடும். ஆகவே நேர்மையான கைவினைஞர் தம் முத்திரையையும் அழியாதபடி அலகில் பொறிக்கிறார். எந்த உறுப்பைச் சான்றுகொண்டு செய்தார், எதனை ஊகித்துச் செய்தார் என்பதையும் எழுதித் தருகிறார். மறுபடிவத்தையும் போலியையும் பிரிப்பது கைத்திறன் அன்று. உண்மையை மறைக்காத மனமே.

அருஞ்சொற்பொருள்

நீரிணை – இரு நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய நீர்வழி
அலகு – கத்தியின் வெட்டும் பகுதி
தறையாணி – இருபுறமும் தட்டி இறுக்கப்படும் ஆணி
மறுபடிவம் – மூலத்தைப் போலவே மீண்டும் செய்யப்பட்டது
ஊகித்து – சான்றுகளைக் கொண்டு கருதிப் பார்த்து

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. கோட்டையில் கிடைக்கும் பழங்கத்திகளில் மரப்பிடி பெரும்பாலும் காணப்படாதது ஏன்?
2. ஜாம்பெத் கத்தியின் அலகு விரித்த நிலையில் எவ்வாறு நிற்கிறது?
3. மறுபடிவத்திற்குத் துருப்பிடிக்காத எஃகு ஏன் பொருந்தாது?

ஆ. பிரித்து எழுதுக.
மரப்பிடி, பேரேரி, கைத்திறன்

இ. எதிர்ச்சொல் எழுதுக.
பழமை, எளிது, உண்மை

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை மீண்டும் செய்ய வேண்டுமாயின், அதைப் பற்றி யாரிடம் என்னென்ன கேட்டு அறிவீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.