ஜூனிப்பர்க் குறுமரம் பேணல்

ஆழமற்ற தட்டம் ஒன்றில் மரத்தை நட்டு, மலைமுகட்டில் நெடுங்காலம் காற்றோடு பொருத முதுமரத்தின் தோற்றத்தை அதற்கு வருவித்துப் பேணுங் கலையை ஜப்பானியர் போன்சாய் என்பர். ‘போன்’ என்பது தட்டம். ‘சாய்’ என்பது நடுதல். நாம் ஈண்டு அதனைக் குறுமரம் என வழங்குவோம். சீனத்தில் தோன்றிய இக்கலை ஜப்பானிற் சென்று தழைத்தது. 1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தால் டோக்கியோவை விட்டு அகன்ற குறுமரத் தோட்டக்காரர் சிலர், 1925-இல் ஓமியாவில் தமக்கென ஒரு சிற்றூரை அமைத்துக்கொண்டனர். அவ்வூர் இன்றும் உளது. அங்குப் போற்றப்படும் மரங்களுள் ஜூனிப்பரும் ஒன்று.

பெயரைப்பற்றி ஒரு சொல். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்திற் சோர்ந்து படுத்தது ஜூனிப்பரின் கீழ் என்று காணப்படும். அஃது உண்மையில் அவரைக் குடும்பத்துப் பாலைச்செடி. நம் தமிழ் வேதாகமம் அதனைச் சூரைச்செடி என்றது. நாம் பேசப்புகுந்த மரமோ சைப்பிரசுக் குடும்பத்தது. அதன் வகைகளுள் ஷிம்பாக்கு என்பதனை முற்காலத்தில் ஷிகோக்குத் தீவின் இஷிசுச்சி மலைப்பாறைகளினின்று உயிருக்கஞ்சாது பெயர்த்துக் கொணர்ந்தனர். புதிதாய்த் தொடங்குவார் கையிற் பெரும்பாலும் வந்து சேர்வது, தென்ஜப்பானியக் கடற்கரைகளில் தரையோடு படரும் வகையின் குள்ளச் செடியே.

மேல்நாட்டுக் கடைகளில் இதனை மேசையலங்காரம் போல விற்பர். வாங்கியவரும் எழுதுமேசைமேல் வைத்து மகிழ்வர். மரத்தின் கேடு அன்றே தொடங்குகிறது. ஜூனிப்பர் வீட்டினுள் வாழும் மரம் அன்று. அதற்கு நாடோறும் பலமணி நேர வெயில் வேண்டும், காற்று வேண்டும், குளிர்காலத்து உறக்கமும் வேண்டும். நம் கண்ணுக்கு ஒளி மிக்கதாய்த் தோன்றும் அறையும் அம்மரத்துக்கு இருளறையே. ஆகலின் குளிர்காலம் என்பதையே அறியாத வெப்பநிலத்தார் இதனை வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல் நன்று. கடுங்குளிர் நாட்டாரோ, தட்டத்தை மண்ணிற் புதைத்து, வாடைக்காற்று வேரைத் தாக்காமற் காப்பர்.

இனி, இம்மரத்தைப்பற்றி நாம் முதன்மையாய்ச் சொல்லக் கருதியது ஒன்றுண்டு. மற்றச் செடிகள் நீரின்றி வாடினால் இலை தொங்கும், வளர்ப்பவர் கண்டு நீர் வார்ப்பர், செடி பிழைக்கும். ஜூனிப்பரோ அவ்வாறு அறிவிப்பதில்லை. அதன் இலை சிறிது, தடித்தது, மெழுகு பூசினாற் போன்றது. வேர் முழுதும் இறந்தபின்னும் வாரக்கணக்கில் பச்சை மாறாது நிற்கும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வெட்டி நிறுத்திய சவுக்குக் கிளை சின்னாள் பசுமை காட்டுவதில்லையா? அது போலவே என்க. ‘நேற்றுவரை நன்றாயிருந்தது, இன்று பழுத்துவிட்டது’ என்று வருந்துவோர் பலர். அம்மரம் இறந்தது நேற்றன்று. இரண்டு திங்களுக்கு முன்னரே இறந்திருக்கலாம். நிறம் மங்கிச் சாம்பல் பூத்து, நுனி தொட்டவுடன் முறியுமாயின் ஐயுறுக. நகத்தாற் பட்டையை இறையளவு சுரண்டி, உள்ளே ஈரமும் பசுமையும் உளவோ எனக் காண்க. வளரும் பருவத்தில் நுனிதோறும் அரும்பும் இளம்பச்சையே உயிருக்கு நம்பத்தக்க சான்று.

வேர் இறப்பது பெரும்பாலும் நீராலேயே. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. ‘நாளைக்கு ஒருமுறை’ என்று கடைக்காரர் சொல்லும் விதியை நம்பற்க. விரலை மண்ணுட் செலுத்திப் பார்த்து, மேற்புறம் உலரத் தொடங்கியிருப்பின், அடித்துளை வழியே ஒழுகும்வரை வார்க்கவேண்டும். ஈரமாயிருப்பின் வாளா இருக்கவேண்டும். வயல்மண்ணும் களிமண்ணும் இதற்கு ஆகா. ஜப்பானியர் அக்கடாமா என்னும் மணிமணியான மண்ணோடு எரிமலைக் கல்லைக் கலந்து இடுவர். நீர் நிற்காது, காற்றும் உட்புகும். சில வணிகர் அழகுக்காக மண்மேற் கூழாங்கற்களைப் பசையிட்டு ஒட்டி விற்கின்றனர். நீர் உட்செல்லாமல் அவை தடுக்குமாதலின், கொணர்ந்த அன்றே பெயர்த்தெறிக.

கத்தரியைப்பற்றி: ஜூனிப்பரின் கிளையில் பசுமை அறவே நீங்கினால் அது மீண்டும் தளிர்ப்பது அரிது, அக்கிளை பட்டுப்போம். எனவே எத்துணைக் குறைத்தாலும் நுனிப்பக்கம் பச்சை எஞ்சி நிற்கவேண்டும். நுனிகளையெல்லாம் விரலாற் கிள்ளுதல் பழைய வழக்கம். மரத்தின் வலிமை நுனியிலேயே உள்ளதென அறிந்தவர் இக்காலத்தில் அதனை விலக்குகின்றனர். மிகுதியாய் வெட்டினால், செதிலிலை வகைகள் சினந்தன போல ஊசியிலைகளை விடும். கிளையை வளைக்கச் சுற்றிய அலுமினியக் கம்பியையும், பட்டையிற் பதியுமுன் துண்டித்தெடுக்க வேண்டும்.

சிலந்திப்பேன் இதன் தீராப்பகை. கிளையின்கீழ் வெண்தாளைப் பிடித்துத் தட்டினால் புள்ளிகள் ஊர்வது காணலாம். அன்றியும், பேரிமரத்தைத் தாக்கும் துருநோய்க்கு ஜூனிப்பரே குளிர்கால இல்லம். பேரி வளர்ப்பார் இம்மரத்தை வெறுப்பது இதனாலேதான்; அவர் வெறுப்பில் நியாயம் உண்டு.

தட்டம் மாற்றுதல் வசந்தத்தின் தொடக்கத்திற் செய்யத்தக்கது. அப்போதும் பழைய மண்ணை முழுதும் உதறி வேரை வெறுமையாக்குதல் கூடாது. வேரையும் கிளையையும் ஒரே பருவத்தில் வெட்டுதல் புதியோர் பலர் செய்யும் பிழை. ஆர்வம் அவரைத் தூண்டுகிறது. வாங்கிய முதலாண்டில் வெயிலும் நீரும் அன்றி வேறொன்றும் செய்யாதிருப்பின் போதும். அடுத்த வசந்தத்தில் நுனிகள் இளம்பச்சை விட்டு நீளுமாயின், வேர் நிலைபெற்றதென்று துணிந்து, அப்போது கத்தரியைக் கையில் எடுக்கலாம்.