தூக்குத் தீர்ப்புக்குப் பிறகு

2017 செப்டெம்பர் 27 அன்று, பாலேந்திரன் சசிமகேந்திரன் தலைமையில் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் யாழ்ப்பாணத்தில் அமர்ந்து, புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். இருவர் விடுதலையானார்கள். தீர்ப்போடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம்.

"இனித் தூக்கில போட்டிடுவாங்கள்."

இல்லை. இலங்கையில் கடைசியாகத் தூக்குக் கயிறு பயன்பட்டது 1976 ஜூன் 23இல். செம்மணிப் புதைகுழி விவகாரத்தை வெளிக்கொண்டுவந்த மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்ற படையினரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிபதி மரண தண்டனை வாசித்தாலும் நடைமுறையில் அது சிறைவாசம்தான்.

"அப்ப சாகும்வரை உள்ளுக்கதானே?"

அதுவும் நிச்சயமில்லை. 2000 டிசம்பரில் தென்மராட்சி மிருசுவிலில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது. இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு முடியப் பதினெட்டு ஆண்டுக்கு மேல் எடுத்தது. 2020 மார்ச்சில், நாடே கொரோனாவால் முடங்கிக் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் மன்னிப்பில் அவர் வீடு போனார். பிள்ளையைக் கொன்றவனுக்குக் கடும் தண்டனை கேட்டுத் தெருவில் இறங்கும் நாங்கள், அவன் வெளியே வரும் கதவுகளையும் கவனிக்க வேண்டும். நன்னடத்தைக் கழிவு, உத்தரவுப்பத்திரத்தின் பேரில் விடுதலை, ஜனாதிபதி மன்னிப்பு என்று அவை பல.

"சின்னப் பிள்ளையெண்டால் பத்து வருசம் கட்டாயம்."

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தது பத்து, கூடியது இருபது ஆண்டு என்று தண்டனைச் சட்டக்கோவை சொல்வது சரி. ஆனால் 2008இல் உயர் நீதிமன்றம், இந்தக் குறைந்தபட்ச அளவு நீதிபதியின் தற்றுணிபைக் கட்டிப்போட முடியாது என்று தீர்மானித்தது. அதன்பின் ஒத்திவைத்த சிறைத் தண்டனையோடு வீடு திரும்பியவர்களும் உண்டு. ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகளின் காதல் விவகாரத்தில் அந்தத் தற்றுணிபு நியாயம். வளர்ந்த மனிதர் ஒருவர் செய்த துஷ்பிரயோகத்துக்கு அதே சலுகை கிடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"கலியாணம் கட்டி வைச்சால் வழக்கு முடிஞ்சுது."

குடும்ப மானம் என்ற பெயரில் நடக்கும் பெரிய கொடுமை இது. பதினாறுக்குக் கீழ் பிள்ளையின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பொதுச் சட்டப்படி பதினெட்டுக்கு முன் நடக்கும் திருமணமே செல்லாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். இப்படி ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

"ஜனாதிபதி மன்னிச்சால் ஒண்டும் செய்யேலாது."

இந்த நம்பிக்கை இப்போது உடைந்துவிட்டது. மரண தண்டனைக் கைதியை மன்னிக்க முன், வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை ஆகியவற்றை அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை கேட்கிறது. றோயல் பார்க் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற கைதிக்கு ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன கொடுத்த மன்னிப்பை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அந்த மனுவைக் கொண்டுபோனது ஒரு பெண்கள் அமைப்பு.

2015இல் வந்து, 2023இல் புதிதாக மாற்றி இயற்றப்பட்ட பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு உரிமையையும் தந்தது. மன்னிப்போ தண்டனைக் குறைப்போ பரிசீலனைக்கு வந்தால், பாதிக்கப்பட்ட தரப்புக்கு முன்னறிவித்தல் கிடைக்க வேண்டும். அந்தக் குற்றம் தங்கள் வாழ்வை என்ன செய்தது என்பதை முடிவெடுப்பவருக்கு அவர்கள் சமர்ப்பிக்கலாம். தீர்ப்பு வந்த அன்றே குடும்பத்தின் சட்டத்தரணி இதை அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.