பழைய கணினி: டிஸ்க்கைக் கழற்றுவதா, மெய்நிகர் கணினியாக்குவதா?

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியை 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரியிலும் கைகழுவிவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் அந்தப் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. பழைய சிறப்பு மலர்களும் கணக்குகளும் அவற்றுக்குள்தான். அவற்றைப் புதிய கணினிக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. தேர்வு செய்யுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேண்டியது கோப்பு மட்டுமா, அதைத் திறக்கும் மென்பொருளும் சேர்த்தா?

வழி 1: டிஸ்க்கைக் கழற்றி நகலெடுத்தல்

படம், பிடிஎஃப், வேர்டு, எக்செல் என்றால் இதுவே போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி மாற்றி ஒன்றில் செருகி நகலெடுக்கலாம். எக்ஸ்பி காலத்து டிஸ்க்குகள் பல, பட்டை கேபிள் போடும் ஐடிஇ வகை; பிந்தைய டிஸ்க்குகளுக்கான சாட்டா மாற்றி அதற்குப் பொருந்தாது. 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டரும் வேண்டும். டெஸ்க்டாப்பில் போட்டுவைத்தவை எக்ஸ்பியில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஃபோல்டருக்குள்ளும், விண்டோஸ் 7-இல் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள்ளும் இருக்கும்.

பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து நிறுவினால் சரியாகிவிடும்.

வழி 2: ஓடும் கணினியை அப்படியே படியெடுத்தல்

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளுக்குக் கதை வேறு. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைனிலும் சிஎஸ்6 வரைதான் அந்தக் கோப்புகளைத் திறக்க முடிந்தது. இங்கே மென்பொருளும் எழுத்துருக்களும் விண்டோஸோடு சேர்ந்தே வர வேண்டும்.

பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால், மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான டிஸ்க்2விஎச்டி (எக்ஸ்பிக்கு அதன் பழைய பதிப்பு) முழு டிஸ்க்கையும் ஒரே விஎச்டி (மெய்நிகர் டிஸ்க்) கோப்பாக்கித் தரும். நிரம்பிய இடத்தை மட்டும் எடுப்பதால் 80 ஜிபி டிஸ்க்கில் 30 ஜிபி இருந்தால் கோப்பும் ஏறக்குறைய அவ்வளவே. சேமிக்கும் வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். எஃப்ஏடி32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது.

இன்னொரு வசதியும் உண்டு. விண்டோஸ் 10, 11-இல் விஎச்டி கோப்பை இருமுறை சொடுக்கினால் தனி டிரைவாகத் திறக்கும். கோப்பு மட்டும் எடுக்க மெய்நிகர் கணினியை (கணினிக்குள் ஓடும் கணினியை) ஓட்டவே தேவையில்லை. மென்பொருள் வேண்டும்போது அதையே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் மாட்டி மெய்நிகர் கணினியாக ஓட்டலாம்.

மெய்நிகர் கணினி தொடங்கியதும் 0x0000007B என்ற நீலத்திரை வந்தால், விண்டோஸுக்குப் புதிய டிஸ்க் கன்ட்ரோலர் பிடிபடவில்லை என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் டிஸ்க்கைச் சாட்டாவிலிருந்து ஐடிஇக்கு மாற்றிப் பாருங்கள். வன்பொருள் மாறியதால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். கணினியோடு வந்த உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே செல்லும். பிரின்டர் போர்ட்டில் செருகும் ‘லாக்’ இருந்தால்தான் ஓடும் மென்பொருளுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது.

வழி 3: டிஸ்க்கை வெளியிலிருந்து படியெடுத்தல்

விண்டோஸ் கிளம்பவே மறுக்கிறதா, டிஸ்க்கைப் படிக்கும்போது பிழைகள் வருகின்றனவா? கோப்பு கோப்பாக நகலெடுத்து அதை வதைக்காதீர்கள். டிஸ்க்கை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் முதலில் முழுப் படிமம் (டிஸ்க்கின் முழு நகல்) எடுங்கள். நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்கு அது பிறகு திரும்பி வரும். அந்தப் படிமத்தை க்யூஇஎம்யூ-இமேஜ் கருவியால் விஎச்டியாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றிலும் நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். கமாண்ட் அடிக்கப் பழக்கமும் வேண்டும். விலைமதிப்பற்ற தரவு என்றாலோ, டிஸ்க் ‘டக் டக்’ என்றாலோ தரவு மீட்பு நிபுணரிடமே விடுங்கள்.

எது யாருக்கு?

குடும்பப் படங்களும் ஆவணங்களும் மட்டும் என்றால் முதல் வழி. பழைய மென்பொருளை நம்பித் தொழில் நடந்தால் இரண்டாவது. டிஸ்க் சாகக் கிடந்தால் மூன்றாவது, அல்லது நிபுணர். எந்த வழியானாலும் எடுத்த நகலுக்கு இன்னொரு பிரதி வையுங்கள். மெய்நிகர் எக்ஸ்பிக்கு இணைய இணைப்பு கொடுக்காதீர்கள். புதிய கணினியில் கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம்.