கெண்டைகளை இனங்காணல்

குளத்திலும் வாய்க்காலிலும் நம்மவர் யாவரும் கண்டறிந்த மீன் கெண்டை. மகளிர் கண்ணுக்கு உவமையாகப் புலவர் எடுத்தாண்ட மீனும் அதுவே. ஆயினும் கெண்டை என்னும் பெயர் ஒரே இனத்துக்கு உரியதன்று. வடிவும் நிறமும் ஒத்த பல இனங்களை நாம் அவ்வொரு பெயராலேயே வழங்கி வருகின்றோம். அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறியும் வழி யாது என்பதே இவ்வியாசத்தின் பொருள்.

ஐரோப்பிய ஆறுகளில் வாழும் மீன் ஒன்றுக்குப் பார்பஸ் என்று பெயர். அது நம் கெண்டைக்கு உறவானது. இலத்தீன் மொழியில் பார்பா என்பது தாடியைக் குறிக்கும். அம்மீனின் மேல்வாயில் நான்கு மீசைகள் தொங்குதலின் அப்பெயர் பெற்றது. மீசை என்பது வெறும் அலங்காரமன்று. தொட்டறிவதற்கும் சுவையறிவதற்கும் வேண்டிய நுண்ணிய உறுப்புக்கள் அதில் அமைந்துள்ளன. கலங்கிய நீரின் அடியில் இரை தேடும் மீனுக்குக் கண்ணினும் மீசையே பெருந்துணையாம்.

ஒரு கெண்டை கையில் கிடைத்தால் முதலில் ஆராய வேண்டுவது இம்மீசையே. இஃது இரு வகைப்படும். மூக்கின் நுனியருகே தோன்றும் இணை ஒன்று. கடைவாயில் தோன்றும் இணை மற்றொன்று. இரண்டு இணையும் உண்டா, கடைவாய் இணை மாத்திரம் உண்டா, ஒன்றுமே இல்லையா என்று காணல் வேண்டும்.

இரண்டாவதாக, முதுகுத் துடுப்பைப் பார்க்க. அதன் முற்பகுதியில் கிளைவிடாத முட்கள் சில உள. அவற்றுள் கடைசியாக நிற்பதே பெரியது. அதன் பின்விளிம்பை ஊசி முனையால் வருடினால், சிலவற்றில் வழவழப்பாகவும் சிலவற்றில் இரம்பம் போலப் பற்களுடனும் இருப்பது புலனாகும்.

மூன்றாவது, பக்கக் கோடு. செவுள் மூடியின் பின்னிருந்து வாலை நோக்கிச் செல்லும் துளையுள்ள செதில்களின் வரிசைக்கு இப்பெயர். அது வால்வரை செல்கின்றதா, இடையிலே நின்றுவிடுகின்றதா என்று நோக்குக. நான்காவது, அவ்வரிசையில் உள்ள செதில்களின் எண்ணிக்கை. நிறமும் புள்ளியும் இவையனைத்தும் முடிந்த பின்னரே பார்க்கத் தக்கவை.

இம்முறையை நான்கு இனங்களில் பொருத்திப் பார்ப்போம். சாரணா என்னும் இனத்துக்கு மீசை நான்கு. முதுகு முள் பற்களுடையது. பக்கக் கோடு முழுமையானது. அதில் செதில்கள் ஏறக்குறைய 30. டிக்டோ என்னும் சிறு கெண்டைக்கு மீசை இல்லை, முள் பற்களுடையது, பக்கக் கோடு பெரும்பாலும் சில செதில்களோடு நின்றுவிடும். சோபோர் என்னும் இனத்துக்கும் மீசை இல்லை. ஆனால் முள் வழவழப்பானது, பக்கக் கோடு முழுமையானது, செதில்கள் 25 அளவின. சோலா என்னும் இனத்துக்கும் முள், கோடு, செதில் ஆகிய மூன்றும் ஏறத்தாழ அவ்வாறே. வாலடியில் ஒரு கரும்புள்ளியும் முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கறையும் இவ்விரண்டுக்கும் பொது. எனினும் சோலாவுக்குக் கடைவாயில் ஓர் இணை மீசை உண்டு. இரண்டையும் எளிதிற் பிரித்துக் காட்டுவது அம்மெல்லிய மீசையே.

இதை யான் கற்றது நூலினின்றன்று, பிழையினின்று. மாணவனாயிருந்த காலத்தில் ஒரு குளத்தில் பிடித்த கெண்டை ஒன்றின் இரு கறைகளையும் கண்ட மாத்திரத்தே, சோபோர் என்று சீட்டெழுதிப் பார்மலின் நிறைந்த புட்டியில் இட்டு வைத்தேன். சில திங்கள் கழித்து ஆசிரியர் அப்புட்டியை எடுத்தார். "தம்பி, மீசையைப் பார்த்தாயா?" என்று வினவினார். "இல்லையே, ஐயா" என்றேன். அவர் மீனை வெளியே எடுத்து, கடைவாயின் மடிப்பினுள் ஊசியை மெல்ல நுழைத்து நீக்கினார். உதட்டோடு ஒட்டிக் கிடந்த மீசை இருபுறமும் வெளிவந்தது. "இல்லை என்று சொல்லுமுன் தேடியிருக்க வேண்டும்" என்று கூறிவிட்டுச் சீட்டைக் கிழித்தார். அப்பொழுது யான் நம்பியிருந்த நிறமோ மருந்தில் வெளிறிப் பாதி மறைந்துபோயிருந்தது.

நிறம் பொய்ச்சான்று என்பதற்கு வேறு காரணமும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் சோபோரின் ஆண்மீன் பக்கவாட்டில் செந்நிறக் கீற்றுப் பூண்டு விளங்கும், பெண்மீன் அவ்வாறன்று. நிறம் ஒன்றையே நம்புவோன் ஓரினத்தை இரண்டாக எண்ணுவான். ஈரினத்தை ஒன்றாகவும் எண்ணுவான்.

ஆயினும், மீசையே யாவும் என்று கொள்ளுதலும் தவறு. மேற்கூறிய நான்கு இனங்களுக்கும் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ஆம் ஆண்டு கங்கையின் மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் பெயரிட்டார். பின்னர், சென்னை இராஜதானியில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளிவந்த தம் நூலில், நான்கு மீசையுடையன, இரண்டுடையன, மீசையற்றன என்று கெண்டைகளை முக்கூறாக்கினார். அவ்வாறு பகுத்தால் சோபோரும் சோலாவும் வெவ்வேறு கூட்டத்தில் சேரும். ஆனால் 2012-ஆம் ஆண்டில் இலங்கை ஆராய்ச்சியாளர் ரோகன் பெத்தியாகொடவும் அவர்தம் கூட்டாளிகளும் எலும்பமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, தெற்காசியக் கெண்டைகளைப் புதிய பேரினங்களாகப் பகுத்தனர். அப்பகுப்பில் சோபோரும் சோலாவும் பூண்டியஸ் என்னும் ஒரே பேரினத்தில் நின்றன. டிக்டோ, பெத்தியா என்னும் பேரினத்திற் சேர்ந்தது. சாரணா, சிஸ்டோமஸ் என்பதிற் சேர்ந்தது. எனவே மீசை இனத்தைக் காட்டுமேயன்றி உறவு முழுவதையும் காட்டாது. பல சான்றுகள் ஒருமுகமாய் நின்றாலன்றித் தீர்ப்புக் கூறலாகாது.

ஒரு சிறு மீனின் பெயர் பிழைத்தால் என்ன குறை என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குத் தாமிரபரணியே விடை கூறும். அவ்வாற்றில் கோடுகளையுடைய அழகிய கெண்டை ஒன்று வாழ்கின்றது. 1954-ஆம் ஆண்டில் சைலாஸ் என்னும் அறிஞர் அதனைக் காவிரிக் கெண்டையாகிய அருலியஸின் ஓர் உட்பிரிவு என்று விவரித்தார். பின்வந்தோர் அது தனி இனமே என்று கொண்டனர். தாமிரபரணிப் படுகையிலன்றி வேறெங்கும் இயல்பாய்க் காணப்படாத அது, இன்று அழிவுக்கு அஞ்சத்தக்க உயிர்களின் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணியிருந்தால், தாமிரபரணியில் அது அற்றுப்போயினும் காவிரியில் உண்டன்றோ என்று ஆறுதல் கொள்வோம். பெயரில்லாத உயிர் மறைந்தால் மறைந்ததென்று சொல்வாரும் இரார்.

ஆதலின் மாணவர்காள், உங்கள் ஊர்க் குளத்துக் கெண்டையைக் கையில் எடுக்கும்போது அதன் நிறத்தைக் கண்டு மயங்காது, ஊசியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு கடைவாயின் மடிப்பைத் திறந்து பாருங்கள். முள்ளை வருடுங்கள், செதிலை எண்ணுங்கள். அதன் பின்னரே சீட்டெழுதுங்கள்.