எக்செல் ஷீட்டை வேறு ஃபைலுக்குக் கொண்டுபோகும்போது வடிவம் குலையாமல் காப்பது எப்படி?

ஏப்ரல் பிறந்தால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருளாளர் மாறுவார். சேலையூர், சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் எட்டு வீடு, பன்னிரண்டு வீடு உள்ள சங்கங்களில் கணக்கு எழுதத் தனியாக ஆள் வைப்பதில்லை. குடியிருப்பவர்களில் ஒருவர்தான் அலுவலகம் முடிந்து வந்து எக்செல்லைத் திறக்கிறார். மாதப் பராமரிப்பு, தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி, பொது ஈபி பில், வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் ஏஎம்சி, கார்ப்பஸ் ஃபண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீட் இருக்கும். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் என்றால் ஆண்டுக் கணக்கையும் முறையாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் இந்த ஷீட்டுகள் ஆடிட்டர் கைக்கும் போகும், பொதுக்குழுவில் அச்சிட்டும் விநியோகமாகும்.

புதிய பொருளாளர் புது ஃபைல் ஒன்றைத் திறந்து, பழையதிலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்கிறார். நெடுவரிசைகள் சுருங்கி, தொகை இருந்த இடத்தில் ##### தெரிகிறது. மஞ்சள் தலைப்பு நீலமாகிவிடுகிறது. ஒரே பக்கத்தில் அச்சான கணக்கு நான்கு பக்கமாகச் சிதறுகிறது. இது எதுவும் எக்செல்லின் கோளாறு அல்ல. வடிவம் முழுவதும் செல்லுக்குள்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதில் ஒரு பகுதிதான் செல்லில் இருக்கிறது. இன்னொரு பகுதி ஷீட்டில், வேறொரு பகுதி ஃபைலில், மிச்சம் நம் கம்ப்யூட்டரில். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எதையும் வழியில் தவறவிடாமல் கொண்டுபோகலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது நிதியாண்டுக்கு அதே கணக்கைத் தொடர்வதுதான் நோக்கம் என்றால், ஷீட்டை மாற்றும் வேலையே வேண்டாம். பழைய ஃபைலை ‘சேவ் ஆஸ்’ கொடுத்து 2025-26 என்பதை 2026-27 என்று பெயர் மாற்றிச் சேமியுங்கள். பழைய எண்களை மட்டும் அழித்துவிட்டு ஃபார்முலாக்களை விட்டுவையுங்கள். எல்லாம் இருந்தபடியே இருக்கும். கீழே சொல்லும் வழிகள், இரண்டு மூன்று ஃபைல்களில் சிதறிக் கிடக்கும் ஷீட்டுகளை ஒரே ஃபைலில் சேர்க்க வேண்டியவர்களுக்கு.

ஷீட்டை ஷீட்டாகவே எடுங்கள்

இரண்டு ஃபைல்களையும் திறந்து வையுங்கள். எடுக்க வேண்டிய ஷீட்டின் பெயர் இருக்கும் கீழ்ப்பட்டையில் வலது கிளிக் செய்து ‘மூவ் ஆர் காப்பி’யைத் தேர்ந்தெடுங்கள். ‘டு புக்’ என்ற பட்டியலில் போக வேண்டிய ஃபைலைக் காட்டுங்கள். கீழே ‘க்ரியேட் எ காப்பி’ என்ற சிறு கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். டிக் இல்லையென்றால் பழைய ஃபைலிலிருந்து அந்த ஷீட் பெயர்ந்தே போய்விடும்.

இந்த வழியில் போனால் நெடுவரிசை அகலம், வரிசை உயரம், நிறம் மாறும் நிபந்தனைகள், காகித அளவு, மார்ஜின், அச்சுப் பகுதி, மேல் கீழ் தலைப்புகள் எல்லாம் கூடவே வரும். வெறும் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி கொடுத்தால் செல்லோடு ஒட்டிய நிறம், கோடு போன்றவைதான் வரும். அச்சு அமைப்பு பழைய ஷீட்டிலேயே தங்கிவிடும்.

‘டு புக்’ பட்டியலில் மற்ற ஃபைலின் பெயர் வரவில்லையா? மின்னஞ்சலில் வந்த ஃபைல் ‘புரொடெக்டட் வியூ’வில் திறந்திருக்கலாம். மேலே தெரியும் மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் எடிட்டிங்’ கொடுங்கள். ‘மூவ் ஆர் காப்பி’யே மங்கலாக இருந்தால், யாரோ ‘புரொடெக்ட் வொர்க்புக்’ போட்டுப் பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ‘ரிவ்யூ’ மெனுவில் போய்த் திறக்க வேண்டும். பாஸ்வேர்டு பழைய பொருளாளரிடம்தான் இருக்கும், பொறுப்பை ஒப்படைக்கும் நாளன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போகிற ஃபைல் 2003 காலத்து ‘எக்ஸ்எல்எஸ்’ ஆக இருந்தாலும் மறுப்பு வரும். பழைய வகை ஷீட்டில் 65,536 வரிசைகளும் 256 நெடுவரிசைகளும்தான். புதிய ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ ஷீட்டில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். பெரியது சிறியதில் அடங்காது. பழைய ஃபைலைப் புதிய வகையாகச் சேமித்து, மூடி, மறுபடி திறந்த பிறகு முயலுங்கள். மூடித் திறக்காவிட்டால் அது பழைய அளவிலேயே இருக்கும்.

ஷீட்டின் ஒரு பகுதி மட்டும் போதும் என்பவர்கள் பேஸ்ட் செய்யும்போது ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ திறந்து ‘காலம் விட்த்ஸ்’ கொடுத்துவிட்டு, அதன்பின் அதே இடத்தில் முழுவதையும் பேஸ்ட் செய்யலாம். வரிசை உயரம் அப்படி வராது. முழு வரிசைகளையும் இடது ஓரத்து எண்ணில் பிடித்துக் காப்பி செய்தால்தான் வரும்.

மஞ்சள் ஏன் நீலமானது?

நிறம் தரும் பட்டியலைத் திறந்தால் மேலே ‘தீம் கலர்ஸ்’ என்று ஒரு தொகுதியும், அடியில் ‘ஸ்டாண்டர்ட் கலர்ஸ்’ என்று ஒரே ஒரு வரியும் இருக்கும். மேலே உள்ளவற்றில் ஒன்றை எடுத்தால், இந்த நிறம் என்று செல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ‘நான்காவது அழுத்த நிறம்’ என்றுதான் வைத்துக்கொள்கிறது. அந்த நான்காவது நிறம் எது என்பதை ஃபைலின் தீம் தீர்மானிக்கிறது. 2023 முதல் மைக்ரோசாஃப்ட் 365இல் தீம் மாறிவிட்டது. பழைய தீமில் நான்காவது நிறம் தங்க மஞ்சள், புதியதில் நீலம். மூன்றாவது சாம்பலாக இருந்தது, இப்போது கரும்பச்சை. பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு மஞ்சள் என்று வழக்கப்படுத்தி வைத்திருந்தால், புது ஃபைலில் அது நீலமாகி யாருக்கும் புரியாமல் போகும்.

எழுத்துருவும் இப்படித்தான். 2007 முதல் கலிப்ரி இருந்த இடத்தில் இப்போது ஆப்டோஸ் நேரோ. நெடுவரிசை அகலத்தை எக்செல் இயல்பு எழுத்துருவின் எண் அகலத்தைக் கொண்டுதான் கணக்கிடுகிறது. எழுத்துரு மாறினால் அகலமும் ஆடும், ##### தலைகாட்டும்.

தீர்வு எளிது. ஷீட்டைக் கொண்டுபோவதற்கு முன்பே பழைய ஃபைலில் ‘பேஜ் லேஅவுட்’ மெனுவில் ‘தீம்ஸ்’ திறந்து, அடியில் உள்ள ‘சேவ் கரன்ட் தீம்’ கொடுங்கள். புது ஃபைலில் அதே இடத்தில் ‘ப்ரவுஸ் ஃபார் தீம்ஸ்’ கொடுத்து, சேமித்த தீமைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஷீட்டைக் கொண்டுவந்தால் நிறம் நின்ற இடத்தில் நிற்கும். பகுதியை மட்டும் எடுப்பவர்கள் ‘பேஸ்ட் ஸ்பெஷலில்’ ‘ஆல் யூஸிங் சோர்ஸ் தீம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இனிமேல் பொருளுள்ள நிறங்களை அடியில் உள்ள ஸ்டாண்டர்ட் வரியிலிருந்தே எடுங்கள். அவை எந்த ஃபைலுக்குப் போனாலும் மாறாது.

தமிழ் எழுத்து: இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்

பழைய ஃபைல்கள் பலவற்றில் தமிழ் பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்ய வைத்த உறுப்பினர் பட்டியல், தீர்மானப் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். அந்தச் செல்லில் இருப்பது தமிழே அல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிகிற செல்லில் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு மேலே போர்த்தியிருக்கும்வரை தமிழாகத் தெரியும். ‘வேல்யூஸ்’ மட்டும் பேஸ்ட் செய்தாலோ, கூகுள் ஷீட்ஸில் ஏற்றினாலோ, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தாலோ ஆங்கிலக் குப்பையாகிவிடும். மற்ற இடங்களில் வடிவம் போனால் அழகு போகும், இங்கே வடிவம் போனால் பெயரே போய்விடும்.

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ்16ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்தது. சங்கக் கணக்குக்கு ஒருங்குறியே போதும். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஷீட் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். வண்டி எண், மின்னஞ்சல், ஆங்கிலப் பெயர் ஆகியவையும் ஆங்கில எழுத்துகள்தான். கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழ் என்று நினைத்துச் சிதைத்துவிடும். தமிழ் உள்ள நெடுவரிசைகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டுங்கள். நான்கைந்து பெயர்களைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகு பழைய நெடுவரிசையை நீக்குங்கள். எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ வையுங்கள், அது விண்டோஸுடன் வருவது.

ரூபாய்க் குறிக்கும் இதே கதை. 2010இல் ₹ வந்த புதிதில், தனி எழுத்துரு ஒன்றை நிறுவி ஒரு நிறுத்தக்குறி விசையை அழுத்தி அந்தக் குறியை வரவழைத்தவர்கள் உண்டு. அந்தச் செல்கள் இடம் மாறினால் வெறும் நிறுத்தக்குறிதான் மிஞ்சும். ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ மூலம் உண்மையான ₹ குறியாக மாற்றிவிடுங்கள்.

லட்சமும் கோடியும்

1,50,000 என்று உங்கள் வீட்டில் தெரிந்த தொகை ஆடிட்டர் அலுவலகத்தில் 150,000 என்று தெரிந்தால் ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண காற்புள்ளி வடிவம் விண்டோஸின் ‘ரீஜன்’ அமைப்பைப் பார்த்து நடக்கிறது. அங்கே இந்தியா என்று இருந்தால் லட்சம், இல்லாவிட்டால் மில்லியன். எந்தக் கம்ப்யூட்டரிலும் லட்சமாகவே தெரிய வேண்டுமானால், செல்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 1 அழுத்தி, ‘கஸ்டம்’ என்ற இடத்தில் இதை அப்படியே இடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

இது செல்லோடு பயணம் செய்யும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மைனஸ் தொகைகளுக்கு மட்டும் இது சரிவராது, அவற்றுக்குத் தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஃபைலோடு ஒட்டியிருக்கும் நூல்

ஆண்டறிக்கை ஷீட், தண்ணீர் லாரி ஷீட்டிலிருந்து மொத்தத்தை எடுக்கிறது என்று வையுங்கள். ஆண்டறிக்கையை மட்டும் கொண்டுபோனால், ஃபார்முலாவில் பழைய ஃபைலின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எண் சரியாகவே தெரியும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் புது ஃபைலில் நீங்கள் எழுதும் லாரிக் கணக்கு அந்த மொத்தத்தில் ஏறவே ஏறாது. வீடுவாரியாகத் தேர்வு செய்யும் கீழிறங்கு பட்டியல்களும் இப்படி அறுந்துபோகும்.

ஆகவே ஒன்றையொன்று சார்ந்த ஷீட்டுகளை, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் ‘மூவ் ஆர் காப்பி’ கொடுங்கள். அவற்றில் எதிலாவது ‘டேபிள்’ இருந்தால் எக்செல் கூட்டமாக எடுக்க விடாது. அப்போது ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், புது ஃபைலைச் சேமித்துவிட்டு, ‘டேட்டா’ மெனுவில் ‘எடிட் லிங்க்ஸ்’ திறந்து ‘சேஞ்ச் சோர்ஸ்’ கொடுத்து, அந்தப் புது ஃபைலையே காட்டுங்கள். புதிய பதிப்புகளில் இதன் பெயர் ‘வொர்க்புக் லிங்க்ஸ்’. ‘பிரேக் லிங்க்’ பக்கம் போகாதீர்கள், அது ஃபார்முலாவை அழித்து எண்ணை மட்டும் மிச்சம் வைக்கும்.

பழைய மேக் கம்ப்யூட்டரில் எழுதிய ஃபைல் என்றால் தேதிகளையும் பாருங்கள். அவை 1904இலிருந்து நாள் எண்ணுபவை. மற்ற ஃபைலுக்கு வந்தால் நான்கு ஆண்டும் ஒரு நாளும் பின்னே போய்விடும். காலியான செல்லில் 1462 என்று எழுதிக் காப்பி செய்து, தேதிகளின் மேல் ‘பேஸ்ட் ஸ்பெஷலில்’ ‘வேல்யூஸ்’, ‘ஆட்’ இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் சரியாகும்.

கூகுள் ஷீட்ஸில் ஷீட் பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி ‘காப்பி டு’ கொடுத்தால் போதும். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் ‘ஷீட்’ மெனுவிலேயே ‘மூவ் ஆர் காப்பி ஷீட்’ உண்டு.

அச்சிடும் முன்

‘வியூ’ மெனுவில் ‘பேஜ் லேஅவுட்’ போட்டு ஒவ்வொரு ஷீட்டையும் ஒரு முறை பாருங்கள். சாதாரணப் பார்வையில் மேல்தலைப்பு தெரியாது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். அதற்கு முன்பு தயாரித்த ஷீட்டுகளில் ‘சிட்லப்பாக்கம் பேரூராட்சி’ என்றோ ‘செம்பாக்கம் நகராட்சி’ என்றோ முகவரி தலைப்பில் ஒளிந்திருக்கும். ஷீட் ஒழுங்காக வந்திருந்தால் அதுவும் ஒழுங்காகக் கூடவே வந்திருக்கும். திருத்திவிடுங்கள்.

ஒரு ஷீட்டின் அச்சு அமைப்பு மட்டும் நன்றாக இருந்து மற்றவை கலைந்திருந்தால், நன்றாக இருப்பதை முதலில் கிளிக் செய்து, கன்ட்ரோலுடன் மற்றவற்றையும் சேர்த்துப் பிடித்து, ‘பேஜ் செட்டப்’ திறந்து ‘ஓகே’ மட்டும் கொடுங்கள். மார்ஜினும் காகித அளவும் எல்லாவற்றுக்கும் பரவும். அச்சுப் பகுதியைத் தனித்தனியாகத்தான் குறிக்க வேண்டும். முடிந்ததும் வேறொரு ஷீட்டைக் கிளிக் செய்து கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றில் எழுதுவது எல்லாவற்றிலும் ஏறிவிடும். ஜெராக்ஸ் கடைக்கு எக்செல் ஃபைலைக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே இருக்கும்.

பொறுப்பை ஒப்படைக்கப் போகும் பொருளாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து வருபவர் உங்களைப்போலவே மாலை நேரத்தில், சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்யப் போகிறவர். பிடிஎஃப் நகலை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மூல ஃபைலையும், அதன் பாஸ்வேர்டையும், சேமித்த தீமையும் சேர்த்துக் கொடுங்கள். உறுப்பினர் பெயர்கள் இன்னும் பாமினியில் இருந்தால், மார்ச் முடிவதற்குள் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டே ஒப்படையுங்கள்.