ஜூனுக்கு ஒரு கணக்கு, காலேஜுக்கு ஒரு கணக்கு

எல்கேஜியில் சேர்க்கும்போது அந்த வருஷக் கட்டணத்தைக் கட்டிவிட முடியுமா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். ப்ளஸ் டூ வரைக்கும் 14 வருஷம், அதற்கு மேல் காலேஜ். நானும் என் வீட்டுக்காரரும் கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். காலேஜுக்கென்று மாதாமாதம் எடுத்து வைத்தது போக, மிச்சத்தில் எந்தப் பள்ளி கட்டுப்படியாகுமோ அதில்தான் சேர்ப்பது. "ஏன் அண்ணி, கரூர்ல அத்தனை பெரிய ஸ்கூல் இருக்க, இதுலயா போடறீங்க?" என்று நாத்தனார் கேட்டாள். கேட்கத்தான் செய்வார்கள்.

பள்ளியில் விசாரிக்கும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். வேன், புத்தகம், சீருடை, ஷூ என்று கூட வருவதெல்லாம் சேர்ந்து எங்களுக்குக் கட்டணத்தில் பாதியளவுக்கு வந்தது. தனியார் பள்ளிகளுக்கு 2009ஆம் வருஷச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு தொகை நிர்ணயிக்கிறது. அதையும் பார்த்து வையுங்கள். ரசீதில் கல்விக் கட்டணம் தனி வரியாக இருக்க வேண்டும். பழைய வரிமுறையில் 80சி கழிவுக்கு அதுதான் செல்லும், வேன் பணம் செல்லாது. ஒரு வருஷம் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தார்கள். அலுவலக அறையில் முகம் சுளித்தாலும் நின்று பிரித்து எழுதி வாங்கினேன்.

ஜூன் செலவுக்கு வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி. மே மாதம் முதிர்கிற மாதிரி போட்டால் போதும், நகை அடகுக்கடைப் பக்கம் போகாது. பதிவில்லாத சீட்டில் மட்டும் படிப்புப் பணத்தைப் போடாதீர்கள். பிள்ளை பேரில் பாலிசி எடுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் சொல்வது, காப்பீடு வேண்டியது சம்பாதிக்கிறவருக்கு.

மகளுக்கு 8 வயதில், 2015இல், அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கினோம். அப்போது வட்டி 9.2 சதவீதம். நடுவில் 7.6 வரை இறங்கி, பிறகு 8.2க்கு வந்தது. மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி அந்தத் தொகைக்கும் உண்டு. 6ஆம் தேதி கட்டினால் போச்சு. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கணக்கு முதிர்வது தொடங்கியதிலிருந்து 21 வருஷம் கழித்து. அதாவது எங்கள் மகளுக்கு 29 வயதாகும்போது. படிப்புக்கு நடுவில் எடுக்கலாம், ஆனால் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரைதான். அதுவும் கல்லூரி தரும் கட்டணச் சீட்டைக் காட்டி, அந்தத் தொகைக்குள். பொறியியல் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தபின் பணம் கட்டத் தரும் அவகாசமோ சில நாள்தான். அதனால் முதல் வருஷக் கட்டணத்தை எப்போதும் கைக்கெட்டும் கணக்கில் தனியாக வைத்திருந்தோம். அதைக் கட்டிவிட்டு, செல்வமகள் பணத்தை இரண்டாம் வருஷத்துக்கு நிதானமாக எடுத்தோம்.

சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 50,000, 55,000 என்ற அளவு. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000இலிருந்து. ஹாஸ்டலும் மெஸ்ஸும் இதில் சேராது. கட்ஆஃப் சில மார்க் ஏறினால் எவ்வளவு பணம் மிஞ்சும் என்பதை மகளிடம் ஒளிக்காமல் சொன்னோம். பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிவதில் தப்பில்லை.

மகனுக்குச் செல்வமகள் கிடையாது, பிபிஎஃப்தான். அதில் 15 வருஷம் என்பதை, கணக்கு தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணுகிறார்கள். 2014 மார்ச் கடைசியில் வங்கிக்குப் போனபோது, "வருஷக் கடைசிம்மா, ஏப்ரல்ல வாங்களேன்" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். "இல்லைங்க சார், இன்னைக்கே போட்டுருங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். மார்ச்சில் தொடங்கியதால் 2029 ஏப்ரலில், அவன் ப்ளஸ் டூ முடிக்கிற நேரத்தில், கணக்கு முதிர்கிறது. ஏப்ரலில் போயிருந்தால் 2030.